கேனா, ஆர்.ஓ.வா, காய்ச்சிய மெட்ரோ தண்ணீரா? சென்னை வீட்டுக்கு எது சரி

சென்னையில் வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகை கேட்பார்கள், அட்வான்ஸ் கேட்பார்கள், பைக் நிறுத்த இடம் கேட்பார்கள். தண்ணீர் பற்றி மட்டும் "தண்ணி வருமா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள். புரோக்கரும் "இருபத்துநாலு மணி நேரமும் வரும்" என்பார். வருவது உண்மைதான். ஆனால் எந்தத் தண்ணீர்? குடிநீர் வாரியம் குழாயில் விடும் மெட்ரோ வாட்டரா, ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீரா, லாரி தண்ணீரா, இல்லை மூன்றும் ஒரே சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) கலந்ததா? இது தெரியாமல் கேன் போடுவதா, சவ்வு வழியாக உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. எந்திரம் மாட்டுவதா, காய்ச்சிக் குடிப்பதா என்று யாராலும் சரியாக முடிவெடுக்க முடியாது. பக்கத்து வீட்டைப் பார்த்தும் முடிவெடுக்க முடியாது. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு கட்டடங்களுக்கு வேறு வேறு தண்ணீர் வருகிற ஊர் இது.

வீட்டு உரிமையாளரைவிட, தினமும் மோட்டார் போடுகிற வாட்ச்மேனுக்கு இது நன்றாகத் தெரியும். மெட்ரோ லைன் இருக்கிறதா, அதற்குத் தனி சம்ப்பா, போர் தண்ணீரும் அதிலேயே விழுகிறதா, கோடையில் லாரி வந்தால் எந்தச் சம்ப்பில் ஊற்றுவார்கள், சமையலறையில் நல்ல தண்ணீருக்குத் தனிக் குழாய் உண்டா என்று அவரிடம் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. அப்புறம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை அது காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. ஏரித் தண்ணீர் பெரும்பாலும் 500-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும். கடலோரத்திலும் தென்புறப் புறநகரிலும் போர் தண்ணீர் ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும்.

ஆனால் அந்த மீட்டர் காட்டுவது உப்பை மட்டும்தான். 200 என்று காட்டுகிற தண்ணீரிலும் சாக்கடை கலந்திருக்கலாம். உப்பு ஒரு பிரச்சினை, கிருமி வேறொரு பிரச்சினை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் தேவையில்லாத வீட்டில் ஆர்.ஓ. ஓடுகிறது, தேவையான வீட்டில் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கும் அப்படித்தான். ஆர்.ஓ. சவ்வுதான் உப்பை எடுக்கும். கேன் தண்ணீரோ, பெரும்பாலும் நிலத்தடி நீரை எடுத்து வேறொருவர் ஆர்.ஓ. செய்து அனுப்புவது.

மெட்ரோ வாட்டரை இந்த ஊரில் பலரும் தேவைக்கு மேலாகவே சந்தேகிக்கிறார்கள் என்பது என் எண்ணம். புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஏரிகளிலிருந்தும், கடலூர் மாவட்டத்து வீராணத்திலிருந்தும், பூண்டி வழியாகக் கிருஷ்ணாவிலிருந்தும் வருகிற தண்ணீர் அது. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2024-இல் நெம்மேலியிலேயே பதினைந்து கோடி லிட்டருக்கு இன்னொன்று சேர்ந்தது. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது அது குடிக்கத் தகுந்த தண்ணீர்தான். சிக்கல் தெருவில் ஆரம்பிக்கிறது. பழைய பகுதிகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. அப்போது சிறு விரிசல் இருந்தாலும் சுற்றியுள்ள அழுக்கு உள்ளே வரும். யாராவது லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். அப்படி உறிஞ்சுவது சட்டவிரோதம் மட்டுமல்ல, அந்தத் தெருவில் இருக்கும் எல்லாருடைய தண்ணீரையும் கெடுப்பது.

அதனால் அடி பம்பில் பிடித்தாலும் குழாயில் பிடித்தாலும், தண்ணீர் விட்டதும் வரும் முதல் இரண்டு மூன்று வாளிகளைத் துடைக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, தெளிந்த பிறகு குடத்தில் பிடியுங்கள். குளோரின் வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல அடையாளம். கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போய்விடும். வேறு துர்நாற்றமோ கலங்கலோ இருந்தால் அன்றைக்குக் காய்ச்சியும் குடிக்காதீர்கள். பகுதி அலுவலகத்தில் புகார் கொடுங்கள். சந்தேகம் தொடர்ந்தால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது.

சரி, செலவுக்கு வருவோம். நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்க மட்டும் தினம் பத்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சோறு, குழம்புக்கு ஊற்றும் தண்ணீர் அடுப்பில் எப்படியும் கொதித்துவிடும். இருபது லிட்டர் கேன் என்றால் மாதத்துக்குப் பதினைந்து. சாதாரண கேன் 40 ரூபாய் என்றால் 600 ரூபாய். சமையலுக்கும் அதையே ஊற்றினால் 800 வரை போகும். பெயர்பெற்ற பிராண்ட் என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆர்.ஓ. எந்திரம் ஏறத்தாழ 15,000 ரூபாய், ஃபில்டர், சவ்வு, சர்வீஸ் என்று வருடத்துக்கு இன்னொரு நாலாயிரம், ஐந்தாயிரம். ஐந்து வருடம் ஓடினால் மாதம் 600-ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆர்.ஓ. மலிவு என்று சொல்லி விற்கிறவர்கள் இந்த வருடாந்தரச் செலவைச் சொல்வதில்லை. காய்ச்சுவதற்கு மாதம் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் கேஸ் ஆகும், அதாவது ஒரு சிலிண்டரில் கால்வாசிக்கும் குறைவு. 200 ரூபாய் அளவுதான். இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் தினம் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கும் ஊரில், மின்சாரம் குறைவாகச் செலவாகும் வீடுகளுக்கு இது இன்னும் லாபம்.

உழைப்பும் ஒரு செலவுதான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. ராத்திரி சமையல் முடிந்ததும் பெரிய பாத்திரத்தில் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி, அப்படியே ஆறவிட்டால் காலையில் தயார். அந்தப் பாத்திரமே குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மாக இருந்தால் மறுபடி கை படாது. வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்களோ அவர் அடுப்பில் வைக்கட்டும். கேனில் இந்த வேலை இல்லை. ஆனால் இருபது லிட்டரை மூன்றாவது மாடிக்கு ஒருவர் தோளில் ஏற்றிக் கொண்டுவருகிறார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் அவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதே நியாயம். கேனை வாங்கும்போது மூடியின் சீல், தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றையும் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். எல்லாரும் மறக்கிற இடம் வேறொன்று இருக்கிறது: கேன் மேல் பொருத்தும் பம்பும், கேனைக் கவிழ்த்து வைக்கும் மண்பானையின் குழாயும். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக வந்தாலும் அங்கே பாசி பிடித்திருந்தால் பயனில்லை. வாரம் ஒருமுறை கழற்றி வெந்நீரில் கழுவ வேண்டும்.

ஆர்.ஓ.வில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் அது வீணாக்கும் தண்ணீர். ஒரு லிட்டர் குடிக்க எடுத்தால், பல எந்திரங்கள் மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்தில் இறக்கிய ஊரில் நாம் இருக்கிறோம். டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று தடை கொண்டுவர, அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசிடம் சொன்னது. மாட்டியே ஆக வேண்டும் என்றால் கழிவுக் குழாயைச் சிங்க்கில் விடாமல் வாளியில் விடுங்கள். தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற ஆகும். போர் தண்ணீர்க் கழிவைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு மண்ணில் தங்கிவிடும்.

என் முடிவு இப்படி: மெட்ரோ தண்ணீர் தனியாக வருகிற வீடு என்றால் காய்ச்சிக் குடியுங்கள், வேறெதுவும் வேண்டாம். நேரமே இல்லை என்றால் யு.வி. ஃபில்டர் போதும், தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் பல அடுக்குமாடிகளில் இருப்பதுபோல லாரியும் போரும் ஒரே சம்ப்பில் கலக்கிற கட்டடத்தில், சொந்த வீடாகவோ இரண்டு மூன்று வருடமாவது இருக்கப் போகிற வாடகை வீடாகவோ இருந்தால் யு.வி.யோடு சேர்ந்த ஆர்.ஓ. மாட்டுங்கள். சுவரில் துளை போட உரிமையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும், திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளிலும் பி.ஜி.களிலும் இருப்பவர்களுக்கும் கேன்தான் சரி. கைக்குழந்தை உள்ள வீட்டில், மூன்றில் எது வைத்திருந்தாலும் குழந்தைக்குக் கொடுப்பதைக் காய்ச்சியே கொடுங்கள்.

ஒன்றை மட்டுமே நம்பியிருப்பது இந்த ஊரில் ஆபத்து. 2020 தொடக்கத்தில், அனுமதியில்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது கேன் உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கேனுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மின்சாரம் இல்லாமல் ஆர்.ஓ. நின்றது, தண்ணீர் தேங்கிய தெருக்களுக்குக் கேன் வண்டி வரவில்லை. அந்த நாட்களில் கேஸ் அடுப்புதான் கைகொடுத்தது. ஐப்பசி பிறந்ததும் இரண்டு கேன்களை நிரப்பித் தனியாக வையுங்கள், சிலிண்டர் ஒன்று கூடுதலாக இருக்கட்டும், ஒரு அட்டை குளோரின் மாத்திரையும் வாங்கி வையுங்கள். வெள்ளநீர் சம்ப்பில் இறங்கியிருந்தால் மோட்டார் போடக் கூடாது, போட்டால் மேல்தொட்டியும் கெட்டுவிடும். சம்ப்பை முழுவதும் இறைத்து, சேற்றை வாரி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுவரைத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றிய பிறகே புதுத் தண்ணீர் விட வேண்டும். இந்த வேலையை ஆள் வைத்துச் செய்யும்போது மூடியை முன்னதாகவே திறந்து காற்றோட விடுங்கள், மேலே ஒருவர் நிற்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.