ஆடிக்காற்றா, ஆற்றோரமா? சென்னை வரை மிதிக்க எந்தச் சாலையில் பழகுவது

தை மாதம், திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு, சைக்கிளில், நிதி திரட்ட. இவ்வளவும் முடிவான பிறகு வருகிற முதல் சண்டை எந்தச் சாலையில் பயிற்சி எடுப்பது என்பதுதான். மதுரை, திருச்சி, விழுப்புரம் வழியாகச் சுமார் 620 கிலோமீட்டர். ஐந்து நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 125 வரும். நூறாண்டைக் கடந்த பார்வையற்றோர் பள்ளியும் செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் பாளையங்கோட்டையில் இருக்கின்றன. நன்கொடைப் பயணம் எதற்கு என்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுப்பவர்களில் சிலர் கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு வைத்துத் தருவார்கள். மூன்றாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும் வேனில் ஏறுகிறவர் நிதியிலும் கை வைக்கிறார் என்று பொருள்.

தென்காசிச் சாலை, திருச்செந்தூர்ச் சாலை, கன்னியாகுமரி நான்குவழிச் சாலை என மூன்றுக்கும் ஊரில் ஆதரவாளர்கள் உண்டு. என் ஓட்டு தென்காசிக்கு. அதற்குக் காரணம் குற்றாலம் அல்ல, காற்று.

பேட்டையைத் தாண்டி, சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று போகும் இந்தச் சாலை தென்காசி வரை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். வரைபடத்தில் சமதளமாகத் தெரியும். உண்மையில் தென்காசி திருநெல்வேலியைவிடச் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்றம் தொடைக்குத் தெரியும். அதற்கு மேல் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று புகுந்து நேர் எதிரே வந்து மோதும். அம்மியைப் பறக்கவிடுகிற காற்று சைக்கிளை விட்டுவைக்குமா? மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடலைத் தள்ளும் காற்றுத் தடை நான்கு மடங்காகிவிடும். வேகம் இரட்டித்தால் தடை அதன் வர்க்கமாக ஏறுவதே காரணம்.

மலை ஏறுவதே மேல் என்று வாதிடுபவர்கள் உண்டு. செங்கோட்டைக்கு அப்பால் புளியரை எஸ் வளைவில் ஏறிவிட்டு வந்து மார்தட்டுவார்கள். ஏறட்டும். ஆனால் மலையில் ஏறினால் இறக்கம் உண்டு, இறக்கத்தில் மூச்சு வாங்கலாம். எதிர்காற்றில் அந்தச் சலுகை கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும். நாம் போகப்போகும் சென்னை வழியில் மலையே கிடையாது. தையில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றுதான் உண்டு, அது வடக்கே போகிறவனுக்கு முகத்தில் அடிக்கும். ஆகவே ஆடியில் தென்காசிச் சாலையில் கற்றது தையில் விழுப்புரத்துக்கு அப்பால் பயன்படும். கற்க வேண்டியதும் எளிதுதான்: கியரைக் குறைத்து, நிமிடத்துக்கு எண்பது சுற்றுக்குக் குறையாமல் மிதிப்பது, தோளைத் தளர்த்திக் குனிவது, வேகமானியைப் பார்க்காமல் இருப்பது. நால்வர் சேர்ந்தால் ஒருவர் பின் ஒருவராகப் போய், முன்னால் இருப்பவரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். விடிகாலையில் காற்று படுத்திருக்கும், வெயில் ஏறும்போது எழும். ஐந்து மணிக்கே கிளம்பி எட்டு மணிக்குள் தென்காசியைத் தொட்டுவிடுகிறவர்கள் சாரலில் நனைந்துவிட்டு, திரும்பும்போது காற்றே முதுகில் தள்ளிவர வீடு சேர்வார்கள். சுகம்தான், ஆனால் அது பயிற்சி ஆகாது. ஏழு மணிக்குக் கிளம்புங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். சாலை அகலமானபோது நிழல் போய்விட்டது. பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. கத்திரி வெயிலில் நீளமாக மிதித்துத்தான் உடலைப் பழக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீராவது குடிக்க வேண்டியிருக்கும், அதிலும் உப்பு வேண்டும். உப்புப் போட்ட நீர்மோருக்கு மேல் எதுவும் எனக்குத் தெரியாது.

திருச்செந்தூர்ச் சாலையின் குணமே வேறு. கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று தாமிரபரணி பக்கத்திலேயே வரும். வாழையும் வயலும் இருப்பதால் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஊருக்கு ஊர் டீக்கடை, டயர் போனாலும் தனியாக நிற்க வேண்டாம். போய்வர 115 கிலோமீட்டருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட பயணத்தின் ஒருநாள் அளவு. அதனால் இதன் இடம் வேறு: அடுத்தடுத்த நாள் மிதிப்பதற்கு. ஐந்து நாள் பயணத்தின் கஷ்டம் 125 கிலோமீட்டரில் இல்லை. மறுநாள் காலையில் அதே சீட்டில் மறுபடி உட்காருவதில் இருக்கிறது. சனிக்கிழமை திருச்செந்தூர் போய்த் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை அதே சாலையில் ஆழ்வார்திருநகரி வரையாவது போய்வந்தால்தான் இருக்கை சரியா, கைப்பிடி தொலைவா என்பதெல்லாம் வெளியே வரும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும்; அப்படியிருந்தால் மிதிக்கும்போது தேவையான அளவு மடங்கும்.

சாப்பாட்டைச் சோதிக்கவும் இதுவே நல்ல சாலை. நீண்ட நேரம் மிதிப்பவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது பொதுக் கணக்கு. விலை உயர்ந்த ஜெல் பொட்டலங்களை வாங்கிக் குவிப்பவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் கோவில்பட்டிக் கடலை மிட்டாயையும் இட்லியையும் வயிறு முன்பே அறியும். அல்வாவை மட்டும் வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை நெய்யைச் செரித்துக்கொண்டே மிதிக்க வயிற்றுக்குத் தெம்பு போதாது.

இந்தச் சாலைக்கு இரண்டு விதத்தில் இடைஞ்சல். தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற நாள்களில் பாதயாத்திரைக்காரர்கள் சாலையோரம் நிறைந்திருப்பார்கள். அது அவர்களுடைய சாலை, நாம் ஒதுங்குவதே மரியாதை. மற்றது மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது ஸ்ரீவைகுண்டம் பக்கம் சாலையும் ரயில்பாதையும் துண்டிக்கப்பட்டன. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றைப் பார்த்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

கன்னியாகுமரிச் சாலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒருபக்கம் சுமார் 85 கிலோமீட்டர். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு. நாம் போகும் சென்னைச் சாலையும் இதே சாதி நான்குவழிதான் என்பதால் பஸ் கடக்கும்போது முதலில் தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும் காற்றுக்குக் கை பழக இதுவே பள்ளிக்கூடம். எதிர்த்திசையில் ஓரத்திலேயே வரும் இருசக்கர வாகனங்களுக்கும் பழக வேண்டும். அதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் சொல்லித் தராது. ஆனால் ஆடியில் பணகுடி தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வலப்பக்கத்திலிருந்து அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. எதிர்காற்று களைப்பைத்தான் தரும், பக்கக்காற்று வண்டியை லாரிப் பக்கம் நகர்த்திவிடும். புதியவர்களை அந்த மாதங்களில் அங்கே கூட்டிப் போக எனக்குச் சம்மதமில்லை. புரட்டாசியில் போகலாம்.

பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் போவது பயிற்சியைவிட மனத்துக்கு. மாஞ்சோலை ஏற வனத்துறை அனுமதி வேண்டும். அது புலிகள் காப்பகம், நம் விருப்பத்துக்குத் திறக்கும் மலை அல்ல. வீட்டுக்குள் வைத்து மிதிக்கும் டிரெய்னரை மழைக்கால வாரநாள்களுக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. அதில் காற்றும் இல்லை, குழியும் இல்லை, நாயும் இல்லை.

மார்கழி பிறந்ததும் கணக்கு தலைகீழாகும். காற்று கிழக்கே திரும்பியிருக்கும். தென்காசிக்குப் போவது சுலபமாகி, திரும்பி வருவது பாடாகும். களைத்த பிறகு எதிர்காற்று என்பதுதான் பயணத்திலும் நடக்கப்போவது. ஆகவே மார்கழியின் முதல் இரண்டு வாரம் மறுபடி தென்காசி, இந்த முறை பயணத்துக்கான பையையும் மாற்றுடையையும் கட்டிக்கொண்டு. கிளம்புவதற்கு முந்திய பத்து நாளில் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, திருச்செந்தூர்ச் சாலையில் கிருஷ்ணாபுரம் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் போதும்.