வீட்டுத்தோட்ட மானியம்: யாழ்ப்பாணத்தில் எதை அப்படியே வாங்கலாம், எதைக் கேட்டு வாங்கவேண்டும்

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது, அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி. மரக்கறி விலை எங்கே போய் நின்றது என்பதை ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்படியொரு காலம் திரும்பினால் வளவுக்குள் நாலு கத்தரியும் ஒரு முருங்கையும் நிற்பது பெரிய பலம். அதனால், விதானையார் ஊடாகவோ கமநல சேவை நிலையம் ஊடாகவோ வரும் சிறு மானியங்களைத் தவறவிடக் கூடாது என்பதே எங்கள் முடிவு. ஆனால் எல்லாம் ஒரே அளவுக்குப் பயன் தருவதில்லை.

விதைப் பொதியில் முதலில் பார்க்கவேண்டியது அது கைக்கு வரும் மாதம். மிளகாய், கத்தரி நாற்றுகள் 30 முதல் 35 நாளில் நடுகைக்குத் தயாராகும். புரட்டாதித் தொடக்கத்தில் நாற்றுமேடையில் போட்டால் ஐப்பசியில் நடலாம். மாரி மழையில் வேர் பிடித்துவிடும். அதே பொதி கார்த்திகையில் வந்தால் மேடை நீரில் ஊறி, நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். தப்பியவை நடுகைக்கு வரும்போது மழை ஓயத் தொடங்கிவிடும். பிறகு கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் பயிர். வறட்சியோடு பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் ஏறி மிளகாய் இலை சுருளும். ஆகவே பிந்திக் கிடைத்த பொதியில் மிளகாயை ஒதுக்கிவைத்து, நேரடியாக விதைக்கக்கூடிய வெண்டி, பயிற்றை, கீரையை முதலில் போடுங்கள்.

பொதியின் மேல் முளைதிறனும் பொதி செய்த திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் 20 விதையை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். வெண்டி ஒரு வாரத்துக்குள் தெரியும், மிளகாய்க்குப் பத்து நாளாவது வேண்டும். பாதிகூட முளைக்காவிட்டால் பொதியோடு போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி மாற்றித் தரக் கேட்கலாம். நாற்றுமேடையை ஒரு சாண் உயர்த்தி, மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, ஆறியபின் விதைத்தால் அழுகல் வெகுவாகக் குறையும்.

எந்த இனம் தருகிறார்கள் என்றும் கேளுங்கள். திருநெல்வேலி ஊதாக் கத்தரி போன்ற, கலப்பினமல்லாத இனமென்றால் முற்றிய காயிலிருந்து விதை எடுத்து அடுத்த போகத்துக்கு வைக்கலாம். கலப்பின விதையில் அது சரிவராது. ஒருமுறை மட்டுமே கிடைக்கும் உதவிக்கு இது மிக முக்கியமான வேறுபாடு, விண்ணப்பப் படிவத்திலேயே எழுதப்பட வேண்டியது.

பங்களிப்போடு, அதாவது செலவில் ஒரு பங்கை நீங்களும் போடத் தரும் சொட்டுநீர்த் தொகுதியைத்தான் நாங்கள் முதலிடத்தில் வைப்போம். சோளகம் வீசும் மாதங்களில் செம்பாட்டு மண் சீக்கிரம் காய்ந்துவிடும். வாய்க்காலில் விட்டு இறைப்பதைவிட இதில் தண்ணீர் பெருமளவு மிஞ்சும். குறை எங்கே வருகிறதென்றால், எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு சொட்டுவாய்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். இதைச் சொல்லாமலே பொருத்திவிட்டுப் போவதால் எத்தனையோ குழாய்கள் சுருட்டிக் கொட்டிலில் கிடக்கின்றன. வடிகட்டி இல்லாத தொகுதியை ஏற்காதீர்கள். 120 மெஷ் தட்டு வடிகட்டி போதும். வாரத்துக்கொருமுறை குழாய் நுனியைத் திறந்து கழுவவேண்டும். வடிகட்டி நிறுத்துவது மண்ணையும் பாசியையும் மட்டுமே. கரைந்து வரும் சுண்ணாம்புக்கு, கழற்றக்கூடிய சொட்டுவாய்களை ஓரிரவு வினாகிரியில் ஊறவைத்துக் கழுவுங்கள். அதனால் கழற்ற முடிகிற வகையையே கேட்டு வாங்குவது நல்லது.

தீவகத்திலும் கரையோரத்திலும் முதல் வேலை தண்ணீரைச் சோதிப்பது. தண்ணீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1 டெசிசீமென்ஸ் தாண்டினாலே மிளகாய் விளைச்சல் குறையத் தொடங்கும். வலிகாமத்துக்குக் கட்டிய அதே பொதியை வேலணைக்கும் கொடுப்பது சரியல்ல. உவர்க் கிணறுள்ளவர்கள் மாரியிலேயே அறுவடை முடியும் கீரை வகைகளைக் கேளுங்கள். மழைநீர்த் தாங்கிக்கு உதவி இருந்தால் விதையைவிட அது மேல்.

மானியமாகத் தருவது கோழிக்குஞ்சு என்றால், ஒரு மாதம் வளர்ந்த, தடுப்பூசி போட்ட குஞ்சை மட்டும் வாங்குங்கள். ஒருநாள் குஞ்சுக்குச் சூட்டு விளக்கு வேண்டும், மின்சாரச் செலவு உங்களுடையது.

பங்களிப்பு மானியங்களில் சில, முதலில் நீங்கள் காசு கொடுத்து வாங்கி, பற்றுச்சீட்டைக் கொடுத்தபின் பாதியைத் திருப்பித் தருபவை. கையில் முழுத்தொகை இல்லாதவருக்கு அது மானியமே அல்ல. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். பொருளாகத் தரும் திட்டமா, காசு திருப்பும் திட்டமா என்று கையெழுத்து வைக்க முன்னர் கேளுங்கள். அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி, காணி உறுதிப் பிரதி மூன்றையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள். வாடகை வளவென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஏற்கப்படுமா என்று முன்கூட்டியே விசாரித்து, ஏற்பார்களென்றால் அதையும் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.