நீட்: 180 நிமிடத்தில் எந்தப் பாடம் முதலில்?

2022 முதல் 2024 வரை நீட் தேர்வுக்கு 200 நிமிடம். 200 கேள்விகளில் 180-க்கு விடையளித்தால் போதும். 2025-இல் அந்தச் சலுகை போனது, கூடுதல் 20 நிமிடமும் போனது. இப்போது 180 கேள்வி, மதியம் 2 முதல் 5 வரை 180 நிமிடம், 720 மதிப்பெண். கணினி திருத்தும் ஓஎம்ஆர் விடைத்தாளில் விடைக்குரிய வட்டத்தைக் கருக்குவதும் இதற்குள்தான். ஒரு வட்டத்துக்கு 4 விநாடி என்றாலும் 12 நிமிடம் போய்விடும். ஆகவே எந்த வரிசையில் எழுதினால் கவனம் கடைசிவரை தாங்கும் என்பதுதான் கேள்வி.

இயற்பியலில் தொடங்கினால்: வினாத்தொகுப்பே இயற்பியலில் தொடங்குவதால் பலர் யோசிக்காமல் அதிலேயே இறங்குகிறார்கள். தலை தெளிவாக இருக்கும்போதே கணக்கை முடிக்கலாம் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது வேறு. இரண்டு மூன்று கணக்குகள் பிடித்து இழுக்க, 55 நிமிடத்தில் முடிய வேண்டிய 45 கேள்விகள் 75 நிமிடத்தை விழுங்கும். மிச்சம் 105 நிமிடத்தில் 135 கேள்விகள். அந்த அவசரத்தில் உயிரியலில் ‘தவறான கூற்று எது’ என்பதைச் ‘சரியான கூற்று எது’ என்று படித்துவிடுவார்கள். வர வேண்டிய 4 மதிப்பெண் போய், தவறான விடைக்காக மேலும் 1 கழியும். தெரிந்த கேள்வியிலேயே 5 மதிப்பெண் இழப்பு.

உயிரியலில் தொடங்கினால்: 90 கேள்வி, 360 மதிப்பெண், அதாவது பாதித் தேர்வு. கருக்குவதையும் சேர்த்து 55 நிமிடத்தில் முடிக்கலாம். கணக்கு குறைவு என்பதால் படபடப்பு அடங்கவும் இடம் கிடைக்கும். ஆனால் 2025 வினாத்தொகுப்பில் உயிரியல் 91-ஆம் கேள்வியில்தான் தொடங்கியது. பதற்றத்தில் முதல் விடையை 1-ஆம் எண்ணில் கருக்கினால் பேனா மையை அழிக்க வழியில்லை. முதல் வட்டத்துக்கு முன் எண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள்.

இந்த வரிசையின் உண்மையான பலவீனம், இயற்பியல் மாலை 4 மணிக்குத் தள்ளிப்போவது. களைப்பில் சூத்திரம் மறக்காது. பத்தின் அடுக்கும் அலகும்தான் தவறும். அதற்காகவே நடுவில் வேதியியலுக்கு 45 நிமிடத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. கரிம, கனிம வேதியியலை முடித்துவிட்டு, நீளமான கணக்குகளைக் குறியிட்டுத் தாண்டிவிடுங்கள். இயற்பியலுக்கு 60 நிமிடம் போக, தாண்டியவற்றுக்கு 20 நிமிடம் மிஞ்சும்.

பெரும்பாலோருக்கு உயிரியல், வேதியியல், இயற்பியல் வரிசையே பொருந்தும். ஐந்தாறு மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 55 நிமிடத்துக்குள் இயற்பியலை முடித்தவர் மட்டும் அதில் தொடங்கலாம்.

வட்டம் கருக்குவதிலும் மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு விடைக்கும் உடனே கருக்கினால் எண் பிசகாது. ஆனால் 180 தடவை பார்வை தாளுக்குத் தாள் தாவும். எல்லாவற்றையும் கடைசிக்கு வைப்பது தற்கொலைக்குச் சமம்: நேரம் முடிந்துவிட்டால் தெரிந்த விடையும் வீண். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அந்தப் பக்கத்து விடைகளை மொத்தமாகக் கருக்குவதே நல்லது. கைக்கு வேலை, மூளைக்கு அரை நிமிட ஓய்வு. ஒரே ஆபத்து, தாண்டிய கேள்வியின் வரியில் அடுத்த விடை ஏறிவிடுவது. வினாத்தொகுப்பில் அதைப் பெரிதாக வட்டமிட்டு வைத்தால் தப்பலாம்.

தமிழில் எழுதுவோருக்கு ஒன்று: வினாத்தொகுப்பில் ஆங்கிலமும் இருக்கும். இரண்டையும் படித்தால் நேரம் இரட்டிப்பாகும். தமிழிலேயே படியுங்கள், கலைச்சொல் புரியாத இடத்தில் மட்டும் ஆங்கிலத்தைப் பாருங்கள்.

சாப்பாடு சின்ன விஷயம்தான், ஆனால் கவனத்தைக் கெடுக்கும். மதியம் 1.30-க்கு வாசல் மூடிவிடுவதால் பலர் 11 மணிக்கே சாப்பிடுகிறார்கள். வயிறு முட்டச் சோறு என்றால் 2.30-க்குக் கண் சொக்கும். வெறும் பிஸ்கட் என்றால் 4 மணிக்குப் பசிக்கும். நாலு இட்லி, கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் போதும். முதல் ஒரு மணி நேரமும் கடைசி அரை மணியும் கழிப்பறைக்கு விடமாட்டார்கள், தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள்.

மாதிரித் தேர்வைக் காலையில் எழுதிப் பழகியவர்கள் கடைசி மூன்று வாரமாவது மதியம் 2 முதல் 5 வரை எழுதுங்கள், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்து.