துணித்திரை, உலோக பிளேடு, லீஃப்: எந்த ஷட்டர் உழைக்கும், எது ஃபிளாஷுக்கு ஒத்துவரும்?

பழைய ஃபிலிம் கேமரா வாங்குபவர்கள் ஷட்டரின் (ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் கதவின்) உச்ச வேகத்தைத்தான் கேட்கிறார்கள். ஃபிளாஷ் போடுபவர் கேட்க வேண்டியது சிங்க் வேகம், அதாவது ஃபிரேம் முழுவதும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் அதிகபட்ச வேகம். துணி, உலோக ஷட்டர்களில் ஒரு திரை திறக்க, இன்னொன்று பின்னாலேயே மூடும்; அந்த வேகத்தைத் தாண்டினால் இரண்டுக்கும் நடுவே ஒரு கீற்றுதான் நகரும். படத்தில் ஒரு பட்டைக்கு மட்டும் ஃபிளாஷ் விழும்.

பக்கவாட்டில் ஓடும் துணித்திரை 36 மி.மீ. கடக்க வேண்டும். அதனால்தான் சிங்க் வேகம் பென்டாக்ஸ் கே1000-இல் 1/60 வினாடி, லைக்கா எம்3-இல் 1/50. செங்குத்தாக ஓடும் உலோக பிளேடுக்கு 24 மி.மீ. போதும்: நிக்கான் எஃப்எம்2என் 1/250 தொடும். லென்ஸுக்குள் நடுவிலிருந்து விரியும் லீஃப் ஷட்டருக்கு எல்லா வேகமும் சிங்க் வேகமே. ஹாசல்பிளாட் 500சி-யில் 1/500 வரை.

அறைக்குள் இது பெரிதாகத் தெரியாது. உச்சி வெயிலில் நிழல் விழுந்த முகத்துக்கு ஃபிளாஷ் போடும்போது தெரியும். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம், ஃபிளாஷின் கைடு எண் 32 (மீட்டரில்; இதை எஃப் எண்ணால், அதாவது லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எண்ணால், வகுத்தால் ஃபிளாஷ் எட்டும் தூரம்) என்றால், 1/60-க்கு எஃப்/22 வைக்க வேண்டும். ஃபிளாஷ் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. 1/250-இல் எஃப்/11, ஏறக்குறைய 2.9 மீட்டர். 1/500-இல் எஃப்/8, 4 மீட்டர்.

உழைப்பில் கணக்கு மாறுகிறது. துணியின் ரப்பர் பூச்சு வெடித்து ஊசித்துளை விழும். லென்ஸுக்குப் பின்னால் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத, லைக்கா எம்3 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸைச் சூரியனுக்கு நேரே விட்டால் பொசுங்கியும் போகும். ஆனாலும் புதுத் துணி வெட்டி ஒட்டிவிடலாம். 1/1000-இல் படத்தின் ஓரம் இருண்டால் உடனே ஸ்பிரிங்கை முறுக்குபவர்களிடம் கேமராவைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் காய்ந்துபோன மசகுதான் காரணம், முதலில் சுத்தம் செய்ய வேண்டும். உலோக பிளேடு தேய்மானத்தை நன்றாகத் தாங்கும், விரலைத் தாங்காது. ஃபிலிம் மாட்டும்போது விரலோ ஃபிலிம் நுனியோ இடித்து ஒரு பிளேடு வளைந்தால் பெரும்பாலும் ஷட்டர் தொகுதியையே மாற்ற வேண்டிவரும். லீஃபுக்கு எதிரி எண்ணெய்: பிளேடில் கசிந்தால் ஒட்டிக்கொண்டு மெதுவாகும். லென்ஸுக்கு ஒரு ஷட்டர் என்பதால் பராமரிப்பும் லென்ஸுக்கு ஒன்று.

வெயிலில் ஃபிளாஷ் தேவையில்லை என்றால் துணித்திரையே என் தேர்வு.

வாங்குமுன் ஃபிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து வைத்து, வெள்ளைச் சுவரை நோக்கி சிங்க் வேகத்தில் ஃபிளாஷ் அடியுங்கள். பின்னாலிருந்து பார்க்க முழுச் செவ்வகமும் மின்ன வேண்டும். எதுவுமே மின்னவில்லை என்றால் ஃபிளாஷ் வயர் கேமராவின் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று பாருங்கள்: ‘எம்’ துளை பழைய பல்புக்கானது, எலக்ட்ரானிக் ஃபிளாஷை ஷட்டர் திறக்குமுன்பே எரித்துவிடும். ‘எக்ஸ்’-க்கு மாற்றி மறுபடி அடியுங்கள்.