வயலுக்கு ஒரு பக்கம், பட்டிக்கு ஒரு பக்கம்: கணக்குக் கொப்பி எழுதிய அனுபவம்

2021 பெரும்போகத்திலிருந்து, அதாவது ஒக்டோபர் பக்கம் தொடங்குகிற மாரி நெற்போகத்திலிருந்து, கமக் கணக்கைக் கொப்பியில் எழுதி வருகிறேன். சாதாரண சீ.ஆர். கொப்பிதான். எங்களுக்குத் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல், அதில் பாதி சொந்தம், பாதி குத்தகை, அதோடு பால் மாட்டுப் பட்டி ஒன்று. கிண்ணியா, மூதூர், சேருவில பக்கமெல்லாம் இப்படி இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்க வைத்தது உரம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் விதைப்பு நடந்துவிட்டது, அடுத்த வருடம் டொலர் பிரச்சினையும் சேர்ந்து யூரியா மூட்டை பல்லாயிரம் ரூபாவுக்குப் போனது. மானியத்தில் உரம் கைக்கு வந்துகொண்டிருந்த வரைக்கும் செலவு எவ்வளவு என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. விலை அப்படி ஏறின பிறகு கேட்காமல் வெள்ளாமை செய்ய முடியாது.

கொப்பியை விரித்தால் இடப்பக்கம் வயல், வலப்பக்கம் பட்டி. இதில் முக்கியமான விஷயம், இரண்டுக்கும் நடுவில் கைமாறுகிறதையும் விலை போட்டு எழுத வேண்டும். வயலிலிருந்து வருகிற வைக்கோலை மாடு தின்கிறது, அதற்கு வெளியில் என்ன விலையோ அதை வயலுக்கு வரவாகவும் பட்டிக்குச் செலவாகவும் போடுகிறேன். மாட்டெரு வயலுக்குப் போனால் பட்டிக்கு வரவு, வயலுக்குச் செலவு. பால் காசில் களை நாசினி வாங்கினால் அது பட்டி வயலுக்குக் கொடுத்த கடன், அப்படியே எழுத வேண்டும். இதை எழுதாத வீட்டில் எப்போதும் வயல்தான் உழைக்கிற மாதிரித் தெரியும், ஏனென்றால் நெல் காசு ஒரே நாளில் கட்டாக வருகிறது, பால் காசு சில்லறையாக வந்து சில்லறையாகப் போகிறது. எங்கள் கொப்பியில் ஒக்டோபர் தொடங்கி பெப்ரவரி வரை வீட்டுச் செலவைத் தாங்கியது முழுக்கப் பால்தான். அதனால் நவம்பரில் உரத்துக்காக இன்னும் கன்று போடாத ஒரு நாகு மாட்டை விற்கிற பேச்சு எங்கள் வீட்டில் இனி இல்லை. அது கன்று போட்டுத் தருகிற பால், அடுத்த பெரும்போகத்தின் சாப்பாட்டுச் செலவு.

இப்போது வயல் பக்கத்தில் ஒரு ஏக்கருக்கான கணக்கைக் காட்டுகிறேன். உழவும் வரம்பும் 22,000, விதைநெல் 9,000, உரம் 30,000, களைக்கும் பூச்சிக்கும் 18,000, வெட்டு மிசின் 16,000, சாக்கும் ஏற்றி இறக்கலும் 6,000. கையிலிருந்து போன காசு 101,000. குத்தகை 22,000, வீட்டாட்கள் வேலைக்கு 15,000 சேர்த்தால் 138,000. வீட்டாட்கள் வேலைக்குக் கூலி போடுவது பலருக்குப் பிடிக்காது, ஆனால் அந்த நாட்களில் வேறிடத்தில் கூலிக்குப் போயிருக்கலாம்தானே, கட்டாயம் போடுங்கள். காய்ந்த நெல் 1,900 கிலோ வந்தால் ஒரு கிலோ 72 ரூபா 60 சதம் விழுகிறது. அதே வயலில் வெள்ளம், யானை, கபிலநிறத் தத்திப் பூச்சி ஏதோ ஒன்று பட்டு 1,200 கிலோ ஆனால் 115 ரூபா. செலவு குறையவில்லை, நெல்தான் குறைந்தது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132. அதுவும் 14 வீத ஈரப்பதத்துக்குக் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே விளைச்சல் விழுந்த வருடம் நல்ல விலை கிடைத்தாலும் மிஞ்சுவது நாட்டு நெல்லில் கிலோவுக்கு ஐந்து ரூபா.

காய வைப்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 வீத ஈரத்தில் மிசினிலிருந்து இறங்குகிற 100 கிலோ, 14 வீதத்துக்கு வரும்போது சுமார் 93 கிலோ. பச்சை நெல்லை வயலடியில் 100 ரூபாவுக்குக் கொடுத்தால் 10,000, காயவைத்து 120க்குக் கொடுத்தால் 11,160. படங்கு சொந்தமாக இருந்து மழையும் இல்லையென்றால் காயவைப்பது சரி. மழை மூட்டமாக இருந்தால் பாதியைப் பச்சையாகவே கொடுத்துவிடுகிறேன், முளைத்த நெல்லை யாரும் எடுக்கமாட்டார்கள்.

அப்புறம் கடன். கொப்பி எனக்குச் செய்த பெரிய உபகாரம் இதில்தான். ஒரு முதலாளியிடம் உரம் கடனுக்கு எடுத்து, அறுவடையில் நெல்லை அவருக்கே கொடுக்கிற ஏற்பாடு எங்களுக்கு இருந்தது. வட்டி இல்லை என்று சொல்லித்தான் தருவார். எழுதிப் பார்த்தால், 30,000 ரூபா உரத்துக்குக் கடன் விலை 33,000, நெல்லுக்கு அவர் போடுகிற விலை மற்றவர்களைவிடக் கிலோவுக்கு 5 ரூபா குறைவு. 1,900 கிலோவுக்கு அது 9,500. இரண்டையும் சேர்த்தால் 12,500, ஐந்து மாதத்தில், 30,000 ரூபாவுக்கு. வங்கியில் நகை ஈடு வைத்து உரம் வாங்குவது இதைவிட எவ்வளவோ மேல். அந்த வட்டியையும் வயல் பக்கச் செலவில்தான் எழுதுகிறேன்.

காப்புறுதி பற்றிப் பலர் கேட்கிறார்கள். கமநல சேவை நிலையத்தில் பதிந்து செய்கிற நெல்லுக்குக் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையின் இலவசத் திட்டத்தில் 2024இல் ஏக்கருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபாவாக இருந்தது, என் கணக்கில் நிற்கிற தொகை அதுதான். மேலே சொன்ன 101,000த்தோடு வைத்துப் பாருங்கள், பாதிகூட இல்லை. இருந்தாலும் விடாதீர்கள், சேதம் வந்த அன்றே படம் எடுத்து அறிவியுங்கள், விதைத்த திகதியும் உரம் போட்ட திகதியும் கொப்பியில் இருந்தால் விசாரிக்க வருகிறவர்களிடம் தடுமாறாமல் சொல்லலாம். மிச்ச 61,000 நம்முடைய பொறுப்பு.

மாட்டுக்கு ஆபத்து வேறு மாதிரி. பெரும்போகத்தில் வயலெல்லாம் பயிர், மாடுகள் காட்டோரம் போகும், மழையும் குளிரும் அங்கேதான் பிடிக்கும். 2022 டிசம்பரில் புயலோடு வந்த குளிர் காற்றில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் செத்தன, எங்கள் பட்டியிலும் கன்றுகள் போயின, நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அதற்குப் பிறகு பட்டிப் பக்கத்தில் கொட்டிலுக்கென்று ஒரு வரி இருக்கிறது. பால் காசு வருகிற ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு தகரத்துக்கும் படங்குக்கும் ஒதுக்குகிறேன். காதில் இலக்கத் தகடு இல்லாத மாட்டுக்கு எந்த விண்ணப்பமும் நகராது, அதையும் செய்து வையுங்கள்.

போனில் செலவு எழுதுகிற செயலிகளும் பார்த்தேன். அவை மாதச் சம்பளக்காரருக்கு ஏற்றவை, மாதா மாதம் வருமானம் கேட்கின்றன. நமக்கு நெல் வருடத்தில் இரண்டு தரம். கொப்பியின் குறை, ஈரமானால் போச்சு, அதனால் போகம் முடிந்ததும் பக்கங்களைப் படம் எடுத்து மகளின் போனிலும் வைக்கிறேன்.

பக்கத்து வயல் மாமா ஒருநாள் கேட்டார், “தம்பி, கொப்பி எழுதினா நெல்லுக்கு விலை கூடுமா?”

“கூடாது மாமா. ஆனா எந்த விலைக்குக் குடுத்தா நட்டம் எண்டு மிசின் வயலுக்க நிக்கும்போதே எனக்குத் தெரியும்.”

இந்தச் சிறுபோகத்துக்கு அவருக்கும் ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் எருமைகளும் தயிர் வியாபாரமும் உண்டு, ஆகவே சட்டி, விறகு, கடைக்காரர் வைத்திருக்கிற பாக்கி என்று அவருக்கு மூன்று பத்தி கூடுதல்.