ஸ்காபரோ உறவுகளே, புகை அலாரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்

வயதான அம்மா அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற எல்லோரும் இதை வாசியுங்கள்.

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு மேலே இருக்கும் புகை அலாரம் விடியப்புறத்தில் நிமிடத்துக்கு ஒருதரம் 'கீக்' என்று கத்திக்கொண்டிருந்தது. நான் வேலையில் நின்ற நேரம் அப்பா விளம்பரத்தில் பார்த்த ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் ஏணிகூட வைக்கவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயா, உள்ளே வயர் எரியத் தொடங்கிவிட்டது, இப்படியே விட்டால் இன்சூரன்ஸும் காசு தராது" என்றிருக்கிறார். அம்மா நடுங்கிப் போய்விட்டார். மூன்று அலாரம், வயரிங் சோதனை, கூலி என்று 780 டொலர். கடையில் நல்ல அலாரம் ஒன்று 30 டொலர் அளவில் கிடைக்கிறது.

இடைவெளி விட்டு ஒற்றைச் சத்தம் வந்தால் பெரும்பாலும் பற்றரி இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற அலாரத்துக்குள்ளும் மின்சாரம் போனால் உதவ ஒரு பற்றரி இருக்கும். குளிரில் பற்றரியின் வலு இன்னும் குறையும், அதனால்தான் பலருடைய வீட்டில் இது விடியப்புறத்தில் தொடங்குகிறது. புதுப் பற்றரி போட்டும் நிற்காவிட்டால் அலாரத்தின் ஆயுள் முடிந்திருக்கலாம். தொடர்ந்து மும்மூன்றாகக் கத்தினால் புகை, நான்கு நான்காகக் கத்தினால் காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு. இந்த இரண்டுக்கும் யோசிக்க வேண்டாம், எல்லோரும் வெளியே வந்து 911 அடியுங்கள்.

சரி, காசு போனதோடு முடியவில்லை. அவர் மாட்டிய 'புது' அலாரங்களில் ஒன்று அடுத்த கிழமையே கீக் என்றது. கழற்றித் திருப்பிப் பார்த்தால், உற்பத்தித் திகதி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் உரித்தேன். 2011 ஓகஸ்ட். ஓரமெல்லாம் பழுப்பேறி, புகை உள்ளே போகிற துவாரங்களில் தூசி அப்பியிருந்தது. மற்ற இரண்டும் அதே கதைதான். புகை அலாரத்தின் ஆயுள் உற்பத்தித் திகதியிலிருந்து 10 வருடம், அதன் பிறகு உள்ளே இருக்கும் உணரியை நம்ப முடியாது. சோதனைப் பொத்தானை அழுத்தினால் பழசும் சத்தமாகத்தான் கத்தும், அதை வைத்துத்தான் அந்த ஆள் அப்பாவை நம்பவைத்திருக்கிறார். யாரோ கழற்றி எறிந்த சாமானை என் அம்மா அப்பா படுக்கிற அறை வாசலில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை.

ஒன்ராறியோவில் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் வேலை செய்கிற புகை அலாரம் இருக்கவேண்டும் என்பது சட்டம். வாடகை வீடென்றால் அது வீட்டுக்காரரின் பொறுப்பு, நீங்கள் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. வயரில் கைவைக்க வருகிறவரிடம் முதலில் ஈ.எஸ்.ஏ. (ஒன்ராறியோவின் மின்சாரப் பாதுகாப்பு ஆணையம்) உரிம இலக்கத்தைக் கேளுங்கள், எங்களிடம் வந்தவரின் பில்லில் அது இல்லை. அப்புறம், வீட்டுக்கு வந்து எழுதுகிற 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். நாங்கள் அந்தக் கெடுவுக்குள் கடிதம் அனுப்பிவிட்டோம், காசு இன்னும் வரவில்லை. அண்மையில் யாராவது வந்து உங்கள் அலாரத்தை மாற்றியிருந்தால் இன்றைக்கே கழற்றித் திகதியைப் பாருங்கள், மேலே ஸ்டிக்கர் இருந்தால் உரித்தும் பாருங்கள்.