சானி கணவாய் வழியாக லெசோத்தோ செல்ல வாடகைக் கார் எடுப்போர் கவனத்திற்கு

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்திலிருந்து சானி கணவாய் வழியாகவோ, அதற்குத் தெற்கே உள்ள சிறிய எல்லை வாயில்கள் வழியாகவோ லெசோத்தோவுக்குள் வாடகைக் காரில் செல்ல எண்ணியிருப்போர், வண்டியையும் எல்லை தாண்டுவதற்கான அனுமதிக் கடிதத்தையும் பணம் கட்டும் முன்பே வரிக்கு வரி சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். டர்பனில் எங்கள் குடும்பத்துக்கு வண்டி கொடுத்த நிறுவனம், அந்தக் கணவாயில் ஏற அனுமதியே இல்லாத ஒரு காரையும், எந்த வாயிலிலும் செல்லுபடியாகாத ஒரு கடிதத்தையும் கொடுத்துவிட்டு, அவசியமே இல்லாத இரண்டு கட்டணங்களையும் எங்களிடம் வசூலித்தது.

சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சாவடி மலையின் கீழ்ப்பகுதியிலும், லெசோத்தோச் சாவடி உச்சியிலும் இருப்பதால், இடையிலுள்ள சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தைச் செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித்தான் கடக்க வேண்டும். ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் கம்பளி மூட்டைகளைச் சுமந்து இறங்கிய பாதை அது. நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் செல்லும் வண்டிகளை மட்டுமே தென்னாப்பிரிக்கக் காவலர்கள் மேலே விடுவார்கள். சாவடிகள் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் பனி உறைந்தால் பாதையையே மூடிவிடுவார்கள். இவையனைத்தையும் நாங்கள் முன்பதிவின்போதே மின்னஞ்சலில் குறிப்பிட்டு, "சானி கணவாய்க்கு ஏற்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டி" என்று நிறுவனம் எழுதிக்கொடுத்த பின்னரே பணம் செலுத்தினோம்.

கீழ்ச் சாவடியில் ஒரு காவலர் எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்குவதற்கு முன்பே வண்டியின் பின்புறம் சென்று குனிந்து, டார்ச் விளக்கை அடியில் அடித்துப் பார்த்தார். பின்னர் என்னையும் குனியச் சொல்லிக் காட்டினார். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் செல்ல வேண்டிய புரொப்பெல்லர் ஷாஃப்ட் அங்கே இல்லை. உயரமான உடலும் பருத்த டயர்களும் கொண்ட அந்த வண்டி, முன் சக்கரங்களால் மட்டுமே ஓடுவது. இதே தோற்றமுள்ள வண்டிகளோடு பலர் வந்து திரும்பிப் போகிறார்கள் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அவர் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சரிவில் வண்டி பின்னோக்கி வழுக்கினால் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர் அவர்.

அங்கிருந்தே நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். எங்களுக்கு வண்டியைக் கையளித்த அதே ஊழியர்தான் பேசினார். மாற்று வண்டி அனுப்ப இயலாது என்றும், மட்டாட்டியேல் ஊருக்கு அப்பால் உள்ள ரமட்செலிசோ வாயில் வழியாகச் சென்றால் "அங்கே யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள்" என்றும் அவர் சொன்னார். செஹ்லபத்தேபே தேசியப் பூங்காவுக்கு அந்த வாயில் வழியாகச் செல்லலாம் என்பதும், 2013-இல் உலகப் பாரம்பரியக் களத்தோடு இணைக்கப்பட்ட அந்தப் பூங்காவே எங்கள் பயணத்தின் முக்கிய நோக்கம் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் சொல்லை நம்பி, கோக்ஸ்டாட் வழியாக நெடுந்தூரம் சுற்றி, மட்டாட்டியேலுக்குப் பிறகு பெயர்ப்பலகைகள் அரிதாகவே தென்படும் சரளைச் சாலைகளில் மெதுவாக ஊர்ந்து அந்த வாயிலை அடைந்தோம்.

அங்கேயும் பார்த்தார்கள். நெரிசல் இல்லாத சாவடி என்பதால் இன்னும் நிதானமாகவே பார்த்தார்கள். காவலர் எங்கள் கடிதத்தை முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்டமான உரிமச் சீட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, சேசிஸ் எண்ணின் ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்தினார். பாதியிலேயே விரல் நின்றுவிட்டது. கடிதத்திலிருந்த எண் வேறொரு வண்டியினுடையது. பழைய கடிதம் ஒன்றில் எங்கள் பெயரையும் பதிவெண்ணையும் மட்டும் மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள். அத்தோடு, வண்டியின் உரிமையாளரும் கடிதத்தில் கையொப்பமிட்ட நிறுவனமும் ஒன்றல்ல. திருட்டு வண்டிகள் எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப்படும் பகுதியில் இப்படிப்பட்ட கடிதத்தோடு நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தக் காவலர் பொறுமையாக விளக்கினார். வண்டியைப் பறிமுதல் செய்யாமல் எங்களைத் திருப்பி அனுப்பியது அவருடைய நல்ல மனது.

இனி அந்த இரண்டு கட்டணங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது, "கார்னே ஆவணக் கட்டணம்". கார்னே என்பது, சுங்க வரி கட்டாமல் வண்டியை வேறொரு நாட்டுக்குத் தற்காலிகமாகக் கொண்டுசெல்வதற்கான ஆவணம். தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, போட்ஸ்வானா, நமீபியா, எஸ்வாத்தினி ஆகிய ஐந்து நாடுகளும் ஒரே சுங்க ஒன்றியத்தைச் சேர்ந்தவை. 1910 முதல் நிலவும் ஏற்பாடு இது. தென்னாப்பிரிக்காவில் பதிவான வண்டி இவற்றுக்குள் போய்வர கார்னே தேவையில்லை. இரண்டாவது, "லெசோத்தோவுக்கான கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு". தென்னாப்பிரிக்காவைப் போலவே லெசோத்தோவிலும் இந்தப் பாதுகாப்புக்கான நிதி எரிபொருள் விலையோடு சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. எல்லைச் சாவடியில் உண்மையிலேயே கட்ட வேண்டியது சிறிய சாலைக் கட்டணம் மட்டுமே. லெசோத்தோவின் நாணயமான லோட்டியும் தென்னாப்பிரிக்க ராண்டும் சம மதிப்புடையவை என்பதால் அதை ராண்டிலேயே கட்டிவிடலாம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது நடந்ததுதான் மனத்தை மிகவும் புண்படுத்தியது. அடிப்பாகத்தில் கீறல்கள் இருப்பதாகச் சொல்லி வைப்புத்தொகை முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். ஜிபிஎஸ் பதிவின்படி வண்டி சரளைச் சாலையில் ஓடியிருப்பதால் காப்பீடு செல்லாது என்றார்கள். அந்தச் சாலைக்கு எங்களை அனுப்பியவரே எதிரில் அமர்ந்து அந்தப் பதிவை அச்சிட்டுக் கொடுத்தார். நல்ல வேளையாக, வண்டியை எடுத்த அன்றே அதன் அடிப்பாகத்தையும் சேர்த்து என் மனைவி வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அதே கீறல்கள் அதில் தெளிவாகத் தெரிகின்றன. அந்த வீடியோவையும் முன்பதிவு மின்னஞ்சல்களையும் இணைத்து கிரெடிட் கார்டு வங்கியிடம் முறையிட்டிருக்கிறோம். பொய்யான விவரங்கள் தந்து விற்பதைத் தடைசெய்யும் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் புகார் அளித்திருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை.

உங்கள் கையில் வரும் கடிதத்தில் பதிவெண், சேசிஸ் எண், எஞ்சின் எண், ஓட்டுநரின் பெயர், கடவுச்சீட்டு எண், செல்லும் நாடு, செல்லுபடியாகும் தேதிகள் ஆகியவை இருக்க வேண்டும். எண்கள் உரிமச் சீட்டோடு எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். கையொப்பம் வண்டியின் உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். வண்டியின் பின்புறம் 'இசட் ஏ' என்ற நாட்டுக் குறியீட்டு ஒட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒப்பந்தத்தில் சரளைச் சாலை, அடிப்பாகம், டயர், கண்ணாடி ஆகியவற்றுக்கான விலக்குகளைத் தேடிப் படியுங்கள். நான்கு சக்கர இயக்கத்துக்கான லோ ரேஞ்ச் (செங்குத்தான ஏற்றங்களில் மெதுவாக, அதிக இழுவிசையோடு ஏற உதவும் கியர்) பொத்தானையோ நெம்புகோலையோ காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். தென்னாப்பிரிக்க விசா தேவைப்படும் நாட்டினர், அது பலமுறை நுழைவதற்கானதுதானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழ்ச் சாவடியில் வெளியேற்ற முத்திரை விழுந்துவிட்டால், ஒருமுறை நுழைவு விசாவில் திரும்ப முடியாது.

சானி கணவாயை மட்டும் பார்த்தால் போதும் என்போருக்கு, அண்டர்பெர்க், ஹிம்வில் ஊர்களிலிருந்து உள்ளூர் ஓட்டுநர்கள் தங்கள் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் காலையில் அழைத்துச் சென்று மாலைக்குள் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். கடவுச்சீட்டும், விசா தேவைப்படுவோருக்கு மேலே சொன்ன விசாவும் கையில் இருந்தால் போதும்.